கழுத்துக்கறியும் ஒரு குழாயும்

ஆட்டின் கழுத்தை நியூமா ஜாபிரா தனியாக எடுத்து வைத்தாள். வருடக்கணக்காக அப்படி எடுத்து வைத்துப் பழகிய கை அது. பாரிஸை ஒட்டிய மோந்த்ரேயில், தொழிலாளர் விடுதியின் நிலவறைச் சமையலறையில் கடலைக் குழம்பு பெரிய அண்டாக்களில் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே கூடத்தில் கலிஞ்சோரா ஊர்ச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் எல்லாரும் தேய்த்த அங்கியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கலிஞ்சோரா மாலியின் மேற்கு மூலையில் இருக்கிற, சோனிங்கே இனத்தவரின் ஊர். அந்த ஊர்க்காரர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. அங்கே இருக்கிற பள்ளிக்கூடம், மருந்தகம், பள்ளிவாசலின் கோபுரம் எல்லாமே பாரிஸில் குப்பை அள்ளியவர்களும் அலுவலகம் கூட்டியவர்களும் கட்டியவை. கடைசியாக வந்தது குடிநீர்க் குழாய். அது திறந்த நாளில் படம் எடுத்து அனுப்பினார்கள். தண்ணீர் கொட்டுகிற அந்தப் படத்தை நியூமா தன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள்.

ஊர் வழக்கப்படி ஓர் ஆட்டில் எல்லாருக்கும் பங்கு உண்டு. நெஞ்சுக்கறி தலைவர் வீட்டுக்கு. தொடை ஓதுகிறவர்களுக்கு. தலை கொல்லருக்கு. கழுத்து கோமோக்களுக்கு. கோமோ என்றால் அடிமை. அடிமைகளை விற்பதும் வாங்குவதும் ஒழிந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் யாருடைய பூட்டனை யார் வாங்கிவந்தார் என்பதைக் கலிஞ்சோரா மறக்கவில்லை. நியூமா கோமோ வீட்டுப் பெண். ஆகவே ஆடு அறுப்பது அவள் கணவன் தெம்பாவின் வேலை, சமைப்பது அவள் வேலை, மேலே உட்கார்ந்து பேசுவது மற்றவர்களின் வேலை. கூலி கிடையாது. "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று கூப்பிடுவார்கள். வெளியாள் கேட்டால் பாசம் என்றுதான் நினைப்பான். அந்த வீடு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

ஏன் கழுத்து என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். "பாரம் சுமக்கறது கழுத்துதானே!" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

போன மாதம் ஊரிலிருந்து தங்கை சாலுவின் குரல் செய்தி வந்தது. சாலு பேசினால் ஊரே கேட்கும். அன்றைக்குக் குரல் கீழே இறங்கியிருந்தது.

"அக்கா, எங்கள குழாய்லேர்ந்து விரட்டிட்டாங்க. தலைவர் வீட்டுக் கல்யாணத்துல மாடு உரிக்க வரச்சொல்லி இவருக்கு ஆள் வந்துச்சு. இவரு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு, 'இந்தத் தடவை வேற யாராவது செய்யட்டுமே'ன்னு. காலைல குழாயடிக்குப் போறேன், நம்ம ஆளுங்க குடத்தையெல்லாம் எடுத்து ஓரமா வெச்சிருக்கான் அந்த மக்கான். தலைத்துணிய அவுத்துட்டு வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் தண்ணியாம். யாரும் கேக்கலக்கா. இப்ப மாடு குடிக்கிற மடுவுலதான் நாங்களும் மொள்றோம்."

மக்கான் தலைவரின் தம்பி மகன். குழாய்ச் சாவி அவன் இடுப்பில்.

நியூமா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ராஞ்ஜிஸ் மொத்தச் சந்தையின் மீன் கூடத்தில் தரை கழுவுகிறவள் அவள். காலுறைக்குள் ஈரம் ஏறாத நாள் கிடையாது. ஆனால் சங்கத்துக்குச் சந்தா தவறியதும் கிடையாது. சந்தா வாங்கும்போது யாரும் நீ கழுத்தா நெஞ்சா என்று கேட்டதில்லை.

தெம்பா போய்ச் சங்கத் தலைவர் யாகுபா ஜவாராவிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தான். யாகுபா ஊர்த்தலைவரின் சித்தப்பா மகன். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். "இது குடும்ப விஷயம் தெம்பா. கூட்டத்துல வெச்சு எதுக்குப் பேசணும்?" என்று முதுகைத் தட்டி அனுப்பிவிட்டார்.

ஆகவே கூட்டத்தன்று நியூமா தானே ஒரு முடிவுக்கு வந்தாள். நெஞ்சுக்கறியை அறுத்து, சமையலறையில் கூட வேலை செய்த பெண்களுக்குப் பகிர்ந்தாள். கழுத்தை எடுத்துச் சங்கத் தலைவர் தட்டில், சோற்றுக்கு நடுவில், நிமிர்த்தி வைத்தாள்.

தட்டை எடுக்க வந்த தெம்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினான்.

"ஏய், தட்டு மாறிப்போச்சு."

"மாறல."

"இது யாகுபா அண்ணனுக்குப் போற தட்டு."

"தெரியும்."

"நியூமா, நான் வண்டியில தொங்கிக்கிட்டே பாரிஸ் குப்பையெல்லாம் அள்ளிட்டேன். ஊர்க் குப்பைய அள்ள என்னால முடியாதும்மா."

"அதுக்குத்தான் நான் இருக்கேன். நகருங்க."

பெண்கள் அந்தக் கூடத்துக்குள் போவதில்லை, வாசலோடு திரும்பிவிடுவார்கள். நியூமா தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய், யாகுபாவுக்கு முன்னால் பாயில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, நின்றாள். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

யாகுபா பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தட்டு மாறிடுச்சு போலிருக்கேம்மா."

"இல்லண்ணே. கழுத்துதான்."

"இது யாரு பங்குன்னு உனக்குத் தெரியாதா?"

"பாரம் சுமக்கறவங்க பங்கு. சங்கத்தோட மொத்தப் பாரமும் உங்க தோள்லன்னு இப்பதான் பேசிக்கிட்டிருந்தீங்க. கீழ வரைக்கும் கேட்டுச்சு. அதான் கொண்டாந்தேன்."

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நெஞ்சுக்கறி எங்க?"

"நாங்க சாப்புட்டோம். பதமா வெந்திருந்துது."

மூலையிலிருந்து ஓர் இளவட்டம் கத்தினான்: "பொம்பளைக்கு நாக்கு நீண்டுபோச்சு!"

"நாக்கு எப்பவும் இதே நீளம்தான் தம்பி. உங்களுக்கு உப்பு பாத்துப் பாத்தே தேஞ்சுக்கிட்டிருந்துது," என்றாள் அவனைத் திரும்பிப் பார்க்காமல். "அண்ணே, ஊருக்குப் பேசுங்க. குழாயத் தொறக்கச் சொல்லுங்க."

"இங்க மருந்தகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டறதப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

"கட்டுங்க. அதுக்கும் ஒரு கதவு வெப்பீங்கல்ல? அந்தக் கதவுல யார உக்கார வெப்பீங்க? மக்கானையா?"

யாகுபா கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மன்னிப்புதானேம்மா. வாயால சொல்றது. செலவா? நம்ம வீட்டுப் பிள்ளைங்க…"

"எங்க வீட்டுக்கு வாசல் தனிண்ணே. நாங்களே கட்டினது."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். சமையலறைப் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அண்டா அடிப்பிடித்துவிட்டது.

அந்த வாரமே தீர்ப்பு எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. ஜாபிரா வீட்டாரும் அவர்களை ஆதரிக்கிற கோமோ வீடுகளும் சங்கத்தில் இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ, பெயர் சூட்டுக்கோ, சாவுக்கோ யாரும் போகக்கூடாது. தெம்பா அதைப் படித்துவிட்டு, "என் சாவுக்குக் கூட்டம் வேணும்னு இத்தன நாள் வாய மூடிக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் போச்சு. இனி என்ன, பேச வேண்டியதுதான்," என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொன்னதிலேயே நியூமாவுக்கு அதுதான் பிடித்திருந்தது.

பிறகு தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன. முதலில் ரகசியமாக, கழிவறையில் நின்று பேசுகிற குரலில். பிறகு நேரிலேயே வந்தார்கள். மோந்த்ரேயில் அவளுடைய சின்னச் சமையலறையில் நாற்காலி போதாமல் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் ஒரே யோசனை: ஊரில் நாமே ஒரு போர்க்கிணறு போடுவோம்.

"போர் மட்டும் போதாது," என்றாள் நியூமா.

"தண்ணிக்குத்தானே சண்டை?"

"ரெண்டு மழைக்காலம் போனா மோட்டார் கெட்டுப்போகும். அப்ப ரிப்பேருக்கு யார்கிட்ட கையேந்தறது? நம்மகிட்டத்தான். நாம செத்தா? நம்ம பிள்ளைங்க கலிஞ்சோரா எங்க இருக்குன்னு படத்துல தேடும். தண்ணி தன் செலவத் தானே பாத்துக்கணும்."

"தண்ணி எப்படிப் பாத்துக்கும்? வேலைக்குப் போகுமா?"

"போகும். ஐஸாப் போகும்."

மீன் கூடத்தில் சந்தை முடிந்ததும் மிச்ச ஐஸை மண்வெட்டியால் வாரிச் சாக்கடையில் தள்ளுவது அவள் வேலை. தள்ளும்போதெல்லாம் கலிஞ்சோராவின் ஏப்ரல் மாதம் ஞாபகம் வரும். கல் சுடுகிற மாதம், கோழி வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதம். நகரத்திலிருந்து பஸ் கூரையில் மரத்தூளும் சாக்கும் சுற்றி ஐஸ் வரும். வந்து சேரும்போது பாதி தண்ணீர். அந்தப் பாதிக்கும் அடிதடி. அங்கே வருகிற எந்த அரசாங்கத் திட்டத்திலும் ஐஸ் இருந்ததில்லை. சங்கத்தின் கூட்டங்களிலும் இருந்ததில்லை. ஆண்கள் கோபுரம் கட்டுவார்கள். குளிர்ந்த தண்ணீர் யாருக்கு வேண்டும் என்று பெண்களைக் கேட்டால்தானே தெரியும்.

பாரிஸுக்கு வடக்கே ஒரு துறைமுகத்தில் மூடிப்போன மீன் கடையிலிருந்து பழைய ஐஸ் எந்திரம் ஒன்றை வாங்கினார்கள். அதைத் தெம்பாவும் நண்பர்களும் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, டக்கார் துறைமுகத்துக்குப் போகிற கப்பலில் ஏற்றினார்கள். அங்கிருந்து லாரியில் ஊருக்குப் போனது. ஊர் நிலம் முழுக்கத் தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஆனால் நெடுஞ்சாலை ஓரம் ஊராட்சிக்குச் சொந்தம், அங்கே அவர் கை நீளாது. அதில் ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். உள்ளூர்க் கொத்தனார்கள் வரமாட்டோம் என்றார்கள். நகரத்துக் கொத்தனார்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று தடை வந்தது. சாலுவே பொங்கிப் போட்டாள். போர் போட்டார்கள், நல்ல தண்ணீர். கூரையில் சூரியத் தகடுகள். ஜாபிரா ஐஸ் கம்பெனி என்று பலகை.

"எழுத்து பெரிசா போடச் சொல்லுக்கா. தலைவர் வீட்டு மாடியிலேர்ந்து கண்ணாடி இல்லாமப் படிக்கணும்," என்றாள் சாலு.

நோன்பு தொடங்கிய வாரம் கம்பெனி ஓட ஆரம்பித்தது. சாலுவின் சட்டம் ஒன்றே ஒன்று: பாத்திரம் வந்த வரிசைதான் வரிசை. யார் வீட்டுப் பாத்திரம் என்று அது பார்க்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடு என்றால் கொடுக்கமாட்டாள். முதல் இரண்டு நாள் மேல்சாதி வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தலைவரின் மூத்த மனைவி ஃபூனே ஒரு பித்தளைச் சட்டியோடு தானே வந்தாள். வாயாடி. வரிசையைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், கடைசியில் போய் நின்றாள்.

"என்ன பாக்கற?" என்றாள் முன்னால் நின்ற கோமோப் பெண்ணிடம். "மானம் வீட்டுல இருக்கு. தாகம் இங்க இருக்கு."

வரிசை சிரித்தது. மறுநாள் அவள் மருமகள்களும் வந்தார்கள். இந்தச் செய்திகளை எல்லாம் சாலு குரலாக அனுப்ப, நியூமா மீன் கூடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டுச் சிரிப்பாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

பெருநாள் கழிந்த பிறகு விடுப்பு எடுத்து ஊருக்குப் போனாள். தெம்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கம்பெனி வாசலில் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எந்திரத்தின் அதிர்வு முதுகில் ஏறியது. அது நன்றாக இருந்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. யாகுபா இறங்கினார். அவரும் ஊருக்கு வந்திருந்தார், புது வீட்டுக்குக் கூரை போட.

சண்டைக்குத்தான் வருகிறார் என்று நியூமா எழுந்து நின்றாள். அவர் சிரித்தார்.

"உக்காரும்மா, உக்காரு. நல்லா செஞ்சிருக்க. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், நியூமாவப் பாத்துக் கத்துக்கங்கடான்னு."

சாலு ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார்.

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, பாரு. உங்களுக்கு உங்க தண்ணி. எங்களுக்கு எங்க தண்ணி. யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. குழாயப் பத்தி யாரோ புகார் குடுத்து நகரத்துலேர்ந்து அதிகாரி வந்தப்பக்கூட அதான் சொன்னோம். மூணு சுத்து டீ குடிச்சாரு. 'இப்பத்தான் தனித்தனியா ஆயிடுச்சே, அப்புறம் என்ன புகாரு'ன்னு கெளம்பிட்டாரு."

கார் போன பிறகும் நியூமா நின்றுகொண்டே இருந்தாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பாராட்டிவிட்டுப் போகிறார். இவ்வளவு கடலைக் கடந்து, எந்திரத்தை நட்டு நட்டாகப் பிரித்துக் கொண்டுவந்து, கடைசியில் அவர்கள் கேட்டதையே செய்து கொடுத்திருக்கிறோம். தனியாகப் போ என்றார்கள். தனியாக வந்துவிட்டோம். பலகை வேறு வைத்திருக்கிறோம்.

"கழுத வயசாகியும் எனக்குப் புத்தி வரல பாரு," என்றாள் தங்கையிடம்.

"என்னக்கா?"

"அவருக்கு ஏன் கோவம் வரல?"

சாலு யோசித்தாள். அவளுக்கும் புரிந்தது, முகம் மாறியது.

"நாளையிலேர்ந்து ஐஸ நிறுத்து," என்றாள் நியூமா. "குழாய் எல்லாருக்கும் தொறக்கற வரைக்கும் யாருக்கும் ஐஸ் கெடையாது. இந்த வெயில்ல எத்தன நாள் தாங்கறாங்கன்னு பாப்போம்."

"அதெல்லாம் முடியாது."

"ஏன்?"

"பூட்டுக்குப் பூட்டா? நானும் ஒரு மக்கானா? நான் வாசல்ல உக்காந்து, ஃபூனே அம்மா சட்டிய ஓரமாத் தள்ளி வெக்கணுமா? நீ பாரிஸுக்குப் போயிடுவ. நாளைக்கு அந்த வரிசையப் பாக்கறது நானு. என்னால முடியாதுக்கா. அந்த ஒரு வரிசைதான் இந்த ஊருல நேரா நிக்குது."

நியூமா தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சரி.

"அப்ப நாமதான் அங்க போகணும்."

"எங்க?"

"குழாய்க்கு."

"நமக்குத்தான் இங்கயே கொட்டுதே. அத விட நல்ல தண்ணி."

"இருந்தா? அந்தக் குழாயிலயும் என் காசு இருக்கு, உன் புருஷன் மண் சுமந்த கழுத்து இருக்கு. அத ஏன் விடணும்?"

மறுநாள் குழாய் திறக்கிற நேரத்துக்கு அவர்கள் போனார்கள். நியூமா, சாலு, ஏழெட்டுக் கோமோ வீட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் காலி வாளி. குழாயடியில் முன்பே வரிசை நின்றது. அவர்கள் முந்தவில்லை, இடிக்கவில்லை. கடைசியில் போய் நின்றார்கள். பிறகு வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். பழக்க தோஷம், ஐஸ் வரிசையில் நின்று நின்று யாருக்குப் பின்னால் நிற்கிறோம் என்று பார்ப்பது விட்டுப்போயிருந்தது.

மக்கான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குடமாக விட்டுக்கொண்டிருந்தான். நியூமாவின் முறை வந்தபோதுதான் தலை தூக்கினான்.

"உங்களுக்குத்தான் தனியா இருக்கே!"

"இருக்கு. இதுவும் இருக்கு."

"தலைவர் உத்தரவு இல்ல."

"தலைவர் போட்ட குழாயா இது? அவரு எந்த நாட்டுல தரை கழுவினாரு?"

மக்கான் எழுந்தான். குழாய்த் திருகை மூடினான். பூட்டைப் போட்டான். "இவங்க போற வரைக்கும் யாருக்கும் கெடையாது," என்று வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அதில் ஒரு கணக்கு இருந்தது: தாகத்தில் இருக்கிற வரிசை இவர்களை அடித்து விரட்டிவிடும்.

முணுமுணுப்பு கிளம்பத்தான் செய்தது. "உங்களுக்கு என்ன கேடு, எங்க பொழப்பையும் கெடுத்துக்கிட்டு?" என்று பின்னால் ஒருத்தி சத்தம் போட்டாள். "போங்களேன், உங்க தண்ணியக் குடிச்சுக்கிட்டு இருங்களேன்!" என்று இன்னொருத்தி. சாலு திரும்பிப் பார்த்து, "உன் சட்டிக்கு நேத்து யாரு ஐஸ் போட்டா?" என்று கேட்டாள். அவள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. யாரும் போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்கள். நியூமா மட்டும் திருகுக்கு நேராக நின்றாள். நகர்ந்தால் இடம் போய்விடும் என்ற பழைய சந்தை புத்தி. கண்ணுக்குள் வேர்வை இறங்கியது. மனதுக்குள் பயம் இருந்தது. அதை மறைக்க வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களில் ஃபூனேயும் இருந்தாள். வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"டேய் மக்கான். என் வீட்டுல அடுப்பு எரியுது, பானையில தண்ணி இல்ல."

"பெரியம்மா, உங்களுக்கு வேணும்னா இப்பவே தரேன். நீங்க முன்னாடி வாங்க."

"நான் எதுக்கு முன்னாடி வரணும்? எனக்கு முன்னாடி இவ நிக்கறா."

"அவங்களுக்கு இல்லைங்கறதுதானே உத்தரவு."

"உத்தரவு போட்ட ஆளு காலைலேர்ந்து ஐஸ் தண்ணிக்கு மூணு தடவ கேட்டாச்சு. அதுக்கு இவ தங்கச்சி வாசல்ல நிக்கணும். குழாய் மட்டும் இவளுக்கு ஆகாதா? நான் போய் அவருக்குப் பதில் சொல்லிக்கறேன். நீ தொற."

"பெரியம்மா…"

"உனக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்காங்க. பொண்ணு வீட்டுல என்னத்தான் கேப்பாங்க, பையன் எப்படின்னு. என்ன சொல்லட்டும்?"

வரிசையில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. கத்தியவள்கூடச் சிரித்துவிட்டாள். மக்கான் எழுந்தான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். திறக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். பின்னாலிருந்து, "தொறடா!" என்று ஒரு குரல். இன்னொன்று. பிறகு பல. யார் கோமோ யார் இல்லை என்று அந்தச் சத்தத்தில் பிரிக்க முடியவில்லை.

பூட்டு திறந்தது.

நியூமா வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தாள். காற்று சீறியது, பிறகு தண்ணீர் விழுந்தது. இந்த இடத்தில் அழக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். விளிம்புவரை நிரப்பினாள். ஒரு சொட்டுக்கூடக் குறைவாக எடுப்பதில்லை என்று இருந்தாள்.

சாலு அடுத்த வாளியை வைத்தாள்.

மக்கான் யாருக்கும் கேட்காத மாதிரி நியூமா பக்கம் குனிந்தான். "அக்கா, இன்னிக்கு ஏதோ ஆயிடுச்சு. தலைவர் வீட்டுல எனக்குத்தான் விழும். நாளைக்கு வராதீங்க. சொல்லிட்டேன்."

நியூமா வாளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பாரிஸுக்குப் போன பிறகு தலையில் எதையும் சுமந்ததில்லை. கொஞ்சம் ஆடியது, பிறகு நின்றது.

"நாளைக்கு எத்தன மணிக்குத் தொறப்பீங்க?" என்று கேட்டாள். வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.